வலது மூலையில் உ

உப்பூரணி ஆஸ்பத்திரியில் இதயம் தளர்ந்து படுத்தவர்களுக்குப் பாதத்துச் சூடுதான் முதலில் வெளியே கிளம்பும். அந்த மனிதர் போக நினைத்துப் போகாமல் விட்ட இடம் எதுவோ, அங்கே போய்ச் சேரும். சூட்டுக்கு வழி தெரியும். பஸ் ஏறவும் தெரியும். வாசலில் காவலாளி சுடலைமுத்துவிடம் சொல்லிக்கொள்ளாமல் மட்டும் போக முடியாது.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நோயாளியின் தாளில், வலது மூலையில் இருக்கும் எழுத்து சொல்லும். அ என்றால் இதயத்தில் அடி விழுந்திருக்கிறது, ஆனால் சூடு பாதத்தை விட்டு இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. ஆ என்றால் நாடி ஓடத் தொடங்கியிருக்கிறது, சூடு கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுகிறது, வார்டுக்குள் நடந்துகொள்ளலாம். பாதம் குளிர்ந்து, நெற்றியில் வியர்வை பிசுபிசுத்து, சிறுநீர்ப் பையில் ஒன்றும் சேராமல் போனால் இ. அப்போது சூடு வாசல்வரை வந்து நிற்கலாம். ஒரு மருந்து ஏற்றியும் போதாமல், கைச்சூடும் துணைக்குக் கிளம்பி, பேச்சும் குழறினால் ஈ. அதற்கு ஊர் எல்லைவரை அனுமதி உண்டு. உ என்றால் வெளியூர் பஸ். உ வாங்கிப் போன சூடு திரும்பி வந்தது அபூர்வம்.

இந்த எழுத்தை எழுதுவது ஜெபக்கனி சிஸ்டரின் வேலை. மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும். காலையில் எழுதிய எழுத்து மத்தியானத்துக்கு ஆகாது. வெயிலில் வைத்த சோறு மாதிரி அது ஊசிப்போகும். வாங்கிய எழுத்தைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம்.

எழுதுவதற்கு முன் அவள் நோயாளியின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விடுவாள். அது கதவைத் தட்டுவது போல. வெளுத்துப்போன நகத்துக்குள், யார் தட்டியது என்று பார்க்கச் சிவப்பு திரும்பி வரும். இரண்டு எண்ணுவதற்குள் வந்தால் வீட்டில் ஆள் உண்டு. ஐந்து எண்ணியும் வராவிட்டால் வீடு திறந்து கிடக்கிறது, ஆள் தெருவில் இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு பாதத்தைத் தொடுவாள். மிஷினை அவள் கடைசியில்தான் பார்ப்பாள்.

ஜெபக்கனிக்கு ஐம்பத்தொரு வயது. அவளுடைய பாதம் இரண்டும் இருபத்தேழு வருஷமாகக் குளிர்ந்தே இருந்தன. உப்பளத்துக் காற்று அனலாக வீசும் சித்திரை மாதத்திலும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்வாள். தரம் எழுதுகிறவர் தன் பாதத்தைத் தானே தொட்டு எழுதக் கூடாது என்று விதி இருந்தது. வேறு யாரும் எழுத முன்வரவில்லை. அதனால் அவளுக்கு எழுத்தே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பலவேசத்தைக் கொண்டுவந்து ஐந்தாம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் எடை மேடையைப் பார்த்துக்கொள்கிறவர், ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. மூட்டையைத் தூக்கி மேடையில் வைத்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கூட வந்தவள் அக்கா பூரணம். கவுன்டரில் தாளை நிரப்பியதும் அவள்தான். ஜெபக்கனி அப்போது மூன்றாம் கட்டில்காரரின் சூட்டைச் சமையலறை அடுப்பருகிலிருந்து கூட்டிவந்துகொண்டிருந்தாள். அது ஆ எழுத்துச் சூடு, வார்டை விட்டு நழுவியிருந்தது. இட்லிக் கொப்பரையைத் தாண்டிப் போகவில்லை.

ஒன்பதரை மணிக்கு அவள் ஐந்தாம் கட்டிலுக்கு வந்தாள். பலவேசம் கண்ணை மூடியிருந்தார். தலை நரைத்திருந்தது. இடது புருவத்தை வெட்டிப்போகும் பழைய தழும்பு அப்படியே இருந்தது. அந்தத் தழும்புக்கு இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் தையல் போட்டவள் அவள்தான்.

"பயப்படாதீய சிஸ்டர், தம்பிக்கு ஒண்ணுமில்ல. மிஷின்ல நூத்திப்பத்து காட்டுது, பாத்தீயளா?" என்றாள் பூரணம். "எனக்கே நூத்தி அறுவது. நான் நடமாடலியா?"

ஜெபக்கனி நகத்தை அழுத்தி விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சிவப்பு வரவில்லை. ஆறில், வேறு யாரோ வந்து எட்டிப் பார்ப்பது போல லேசாக வந்தது. போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டாள். கிணற்றுக்குள் கை விட்டது மாதிரி இருந்தது. முழங்கால்வரை தடவிக்கொண்டே போனாள். முழங்காலுக்கு மேல்தான் பலவேசம் இருந்தார்.

"மிஷின் வாசல்ல நிக்கிறவரத்தான் பாக்கும், அக்கா. உள்ள ஆள் இருக்கான்னு அதுக்குத் தெரியாது," என்றாள் ஜெபக்கனி. தாளை எடுத்து இ என்று எழுதப் போனாள். வலது மூலையில் ஏற்கனவே ஓர் எழுத்து இருந்தது. நன்றாக வளைத்து, வால் நீட்டி, கீழே ஒரு கோடும் இழுத்த உ.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

"உ போட்டிருக்கீய."

"பின்ன? பிள்ளையார் சுழி போடாம நான் எந்தத் தாள்ல எழுதியிருக்கேன்? ரேஷன் கடை விண்ணப்பத்துக்கே போடுவேன். நடுவுலதான் போடணும். அங்க உங்க ஆஸ்பத்திரி முத்திரை கெடக்கு. முத்திரை மேல கிறுக்கினா குத்தம்னு கொஞ்சம் தள்ளிப் போட்டேன்."

தாளுக்கு ஒரு கார்பன் நகல் வாசலுக்குப் போகும். ஜெபக்கனி வாசலுக்கு நடந்தாள். சுடலைமுத்து நோட்டைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். எட்டு நாற்பது. பாதச் சூடு, இரண்டு. தரம் உ. செங்காட்டுவிளை பஸ்.

"உன்னு இருந்துச்சு, விட்டுட்டேன் சிஸ்டர்," என்றார் சுடலைமுத்து. "ரொம்ப மரியாதையான சூடு. செருப்பக் கழட்டிட்டுத்தான் எங்கிட்ட பேசுச்சு."

ஜெபக்கனி நோட்டில் இருந்த ஊர்ப் பெயரை இரண்டு முறை படித்தாள். செங்காட்டுவிளையில் அவள் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். உப்பூரணிக்கு மாற்றலாகித் திரும்பி எட்டு மாதம்தான் ஆகிறது.

இது பாதச் சூட்டின் சுபாவம். ஒரு செய்தி வந்தால் தலைக்கு உடனே எட்டும். கைக்குப் போக ஒரு வாரம் ஆகும். பாதத்துக்கு ஒரு வருஷம் ஆனாலும் ஆகும், அது கடைக்கோடி. ஜெபக்கனி திரும்பி வந்தது பலவேசத்தின் தலைக்குத் தெரியும். எட்டு மாதமாக அவர் ஆஸ்பத்திரி மதில் ஓரமாகவே சைக்கிளில் போய் வந்தார். பாதத்துக்கு மட்டும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

டாக்டர் ரஹ்மத் நிஷா வந்தார். காயல்பட்டினத்துப் பெண், வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. தாளைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், பாதத்தைத் தொட்டார். உ-வை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் இ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அடிச்சாச்சு. ஆனா பஸ்ல போற சூட்டுக்கு இத எப்படிச் சொல்றது?" என்றார்.

முதல் மருந்தை ஏற்றினார்கள். முதல் மருந்தின் குரல் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்கும். கூப்பிட்டுப் பார்த்தது. வாசலில் யாரும் இல்லை. பதினொரு மணிக்குக் கைவிரல்களும் குளிர ஆரம்பித்தன. டாக்டர் இ-யை அடித்து ஈ எழுதினார். இரண்டாவது மருந்தை ஏற்றினார்கள். அதன் குரல் ஊர் எல்லைவரை போகும். எல்லைக் கல்லருகே நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். செங்காட்டுவிளை பஸ் அப்போது எட்டு ஊர் தாண்டியிருந்தது.

"மாவட்ட ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு," என்றார் டாக்டர். "ரத்தக்குழாய் அடைப்ப அங்கதான் எடுக்கணும். ஆனா சூடில்லாத பாதத்த ஆம்புலன்ஸ்ல ஏத்த மாட்டாங்க. எறக்குற எடத்துல கையெழுத்துப் போட ஆள் வேணும்ல?"

"பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டா?"

"வந்துட்டா ஏத்தலாம். சாஞ்சிட்டா அது அந்த ஊருச் சூடு. நம்ம நோட்டுலேர்ந்து பேர அடிச்சிருவாங்க."

பூரணம் தம்பியின் கையை முந்தானைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என் கையெழுத்தே என் தம்பிக்கு எமனா வந்துச்சே," என்று ஒரு முறை சொன்னாள். அழவில்லை. தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை. பிறகு தனக்குள் பேசுவது போலச் சொன்னாள்: "எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது. சுழி போட்டுட்டா கீழ ஒரு வரியாவது எழுதிரணும், வெறுமன விட்டா வீட்டுக்கு ஆகாதுன்னுவாவ. இவன் கேக்க மாட்டான். அந்தக் காலத்துல ஒரு நாள் ராசா மாதிரி ஒக்காந்து ஒரு தாள எடுத்தான். மேல ஒரு உ போட்டான். காலையிலேர்ந்து சாயந்திரம்வர அதையே பாத்துட்டிருந்தான். அடுத்த வரி வரல. அப்படியே மடிச்சு எடுத்துட்டுப் போனான். கேட்டா, எங்கியோ குடுத்துட்டேங்கான். வெறுஞ்சுழிய எவன்டே வாங்குவான்?"

ஜெபக்கனி கைப்பையைத் திறந்து வேதாகமத்தை எடுத்தாள். அதற்குள் ஒரு தாள் இருந்தது. உப்பளச் சங்கத்து ரசீதின் பின்பக்கம், நீல மை, உச்சியில் ஓர் உ. கீழே ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய மருந்துப் பெட்டிக்குள் அது இருந்தது.

அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அவள் உப்பளத்துக்குப் போவாள். உப்பில் நின்று வெடித்த பாதங்களுக்கு மருந்து போடுவது அவள் வேலை. மருந்து போட்டு முடிந்ததும் எடை மேடைக்கு வருவாள். "சிஸ்டர், ஏறுங்க," என்பார் பலவேசம். ஏறுவாள். "போன வாரத்துக்கு முந்நூறு கிராம் கொறஞ்சிட்டீய. எங்க வச்சிட்டு வந்தீய?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே இறங்குவாள். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு. அது ஒன்றரை வருஷம் நடந்தது.

அவள் வீட்டில் கடிதத்தின் தலையில் சிலுவைக் குறி போடுவார்கள். உ என்பதை அவள் ஆஸ்பத்திரியில்தான் படித்தாள். தரம் எழுதப் பழகும் வகுப்பில் சேர்ந்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. தாளைப் பிரித்ததும் அவள் அதைத் தரமாகவே படித்தாள். முடிந்தது, வெளியூர் பஸ் என்று சொல்லுகிறார் என எடுத்துக்கொண்டாள். மறுவாரம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்து, செங்காட்டுவிளைக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார்ந்தபோதே பாதம் குளிர்ந்திருந்தது.

இப்போது அந்தத் தாளையும் பூரணம் நிரப்பிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே வளைவு. ஒரே வால். கீழே ஒரே கோடு. தர எழுத்துக்குக் கோடு கிடையாது.

"அக்கா, நான் போயி கூட்டிட்டு வாரேன்," என்றாள்.

"யார?"

"உங்க தம்பிய."

செங்காட்டுவிளை ஆஸ்பத்திரிக் காவலாளி தங்கப்பனுக்கு போன் போட்டாள். "வெளியூர்லேந்து சூடு ஏதும் வந்திருக்கா, தங்கப்பன்?"

"ஒண்ணு இப்பந்தான் வந்து எறங்கிச்சு சிஸ்டரே. வாசல் பெஞ்சுல இருக்கு. பூனை வந்து அது மேல சுருண்டு படுத்தாச்சு, எழும்ப மாட்டேங்கு. யாரப் பாக்கணும்னு கேட்டேன். ஒங்க பேரு சொல்லிச்சு. ஒங்களுக்கு மாற்றலாயிட்டுன்னு சொன்னேன். அதுக்குக் காது இல்ல போல."

"போன பெஞ்சு மேல வையுங்க. நான் பேசிப் பாக்கேன்."

தங்கப்பன் வைத்தார். ஜெபக்கனி பேசினாள். என்ன பேசினாள் என்பது வார்டில் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தங்கப்பனின் குரல் வந்தது: "பூனைதான் காதத் திருப்பிச்சு. நேருல வாங்க சிஸ்டரே."

பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தாள். வழியெல்லாம் உப்பளம் வெள்ளையாகக் கூடவே வந்தது. பிறகு பனை வந்தது, பிறகு வாழை. இரண்டரை மணி நேரமும் அவள் தாளை மடியில் வைத்து, பறக்காமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "கல்யாணக் காகிதமா?" என்று கேட்டாள். "தெரியல," என்றாள் ஜெபக்கனி.

ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு அதே இடத்தில் இருந்தது. இருபத்தாறு வருஷம் அவள் தினமும் அதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறாள், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. தங்கப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஜெபக்கனி பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெஞ்சின் மறுமுனையிலிருந்து இளஞ்சூடு வந்தது, வெயிலில் கிடந்த கல்லின் சூடு மாதிரி. அவள் கால்பக்கமாக அது வரவில்லை. வர வேண்டிய காரணமும் இல்லை. அது இருபத்து நாலு வயதுப் பெண்ணைத் தேடி வந்திருந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவள் நரைத்தவள், பாதம் வேறு குளிர்ந்து கிடக்கிறது.

அவள் தாளைத் தொடைமேல் விரித்தாள். சுழி போட்ட தாளை வெறுமனே விடக் கூடாது. பேனாவை எடுத்து, உ-வுக்குக் கீழே, தரம் எழுதும் அதே கையெழுத்தில் எழுதினாள்:

ஏறிக்கொள்ளுங்கள். நான் இருக்கிறேன்.

எழுதிய தாளைத் தரையில் வைத்து, பறக்காமலிருக்க வலது பாதத்தால் மிதித்துக்கொண்டாள். மை காய்வதற்குள் பூனை எழுந்து சோம்பல் முறித்தது. பூனை எழுந்தால் சூடு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் பெருவிரலில் வந்தது. பிறகு குதிகாலில். கடைசியில் இரண்டு உள்ளங்கால்களும் நிறைந்தன. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு ஜெபக்கனிக்குத் தரையின் குளிர்ச்சி தெரிந்தது. தரை குளிர்ந்திருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

"காலுறைய விட்டுட்டுப் போறீங்களே," என்றார் தங்கப்பன்.

"பூனைக்கு இருக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவளையும் அவள் பாதத்தையும் பார்த்தார். "ஒண்ணரை டிக்கெட்டா?" என்றார். "ஒண்ணரை," என்றாள். அந்த இரண்டரை மணி நேரமும் அவள் தூங்கவில்லை. பாதத்தை அசைக்கவும் இல்லை. வாழை போய்ப் பனை வந்தது, பனை போய் உப்பு வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும், பஸ் இன்னும் கொஞ்சம் நின்றால் ஆகாதா என்று ஒரு நினைப்பும், வேகமாகப் போகக் கூடாதா என்று ஒரு நினைப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் அவள் விரட்டவில்லை.

ஐந்தேகால் மணிக்கு உப்பூரணி வந்தது. சுடலைமுத்து நோட்டில் வரவு எழுதினார். வார்டில் பலவேசம் முழங்காலுக்கு மேலிருந்து இடுப்புக்குச் சுருங்கியிருந்தார். "மரக்கால் கொண்டா, மரக்கால் கொண்டா," என்று உப்பு அளக்கும் நினைப்பில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கையில் பேனாவோடு நின்றார். வலது மூலையில் உ என்று எழுத இடம் விட்டு வைத்திருந்தார். இது சுழி இல்லை, நிஜ உ.

"கோடு போடாத உ-வா டாக்டர்?" என்றாள் ஜெபக்கனி.

"கோடு போடாததுதான். அஞ்சு நிமிஷம் தாரேன்."

ஜெபக்கனி கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காலைத் தூக்கி, தன் உள்ளங்கால் இரண்டையும் அவர் உள்ளங்கால் இரண்டோடும் வைத்தாள். பூரணம் எழுந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

சூடு உடனே போகவில்லை. அது வந்த இடத்தில் இருந்துகொள்ளப் பார்த்தது. அவளுக்கும் அது தெரிந்தது. "வீட்டுக்குப் போங்க," என்றாள், மெதுவாக. அது போனது. குதிகாலிலிருந்து போனது, பெருவிரலிலிருந்து போனது. ஒரு சொட்டும் அவள் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. பழைய குளிர், இவ்வளவு நேரம் எங்கே நின்றதோ, திரும்பி வந்து அதன் இடத்தில் படுத்துக்கொண்டது.

டாக்டர் நகத்தை அழுத்தி விட்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்று எண்ணி, ஈ-யை அடித்து இ எழுதினார். ஆறு மணிக்கு இரண்டு எண்ணும்போதே சிவப்பு வந்தது. சிறுநீர்ப் பையில் துளி விழுந்தது. இ-யை அடித்து ஆ எழுதினார். ஆறரைக்குப் பொழுது சாய்ந்தபோது எல்லாச் சூடும் வீட்டில் இருந்தது. தாளின் மூலையில் அடித்தலும் திருத்தலுமாக இடமே இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து கட்டிலை உருட்டியபோது பலவேசம் கண்ணைத் திறந்தார்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க."

"சங்கத்து எடை மேடை நூத்தியெம்பது கிராம் கூடக் காட்டுது. இருபத்தேழு வருஷமா கழிச்சுக் கழிச்சுத்தான் எழுதுதேன். மூணு தடவ ஆபீசர் வந்து பாத்தாச்சு, மிஷின்ல கோளாறு இல்லேன்னுட்டாவ. வலது பக்கம் ரெண்டு பாதம் நிக்கிற அளவு எடம் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கு. அதுல நான் யாரையும் ஏற விடல."

"ஆமா, ஒருத்தனும் ஏறக் கூடாது," என்றாள் பூரணம். "நான் ஒரு நாள் கருவாட்டுக் கூடைய வச்சதுக்கு எங்கூட எட்டு நாள் பேசல."

ஜெபக்கனி மடித்த தாளை அவர் சட்டைப் பையில் வைத்தாள். "சுழிக்குக் கீழ ஒரு வரி எழுதியிருக்கேன். அடுத்த வரி உங்களோடது."

"உடனேயேவா?"

"அவசரமில்ல. இந்தத் தடவ முழுசா எழுதிட்டுக் குடுங்க."

வண்டி போனது. எட்டு நாள் ஆகும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் ஜெபக்கனி உப்பளச் சங்கத்துக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. மேடையருகே மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "அதுல ஏறாதீய, அண்ணாச்சி வைவாவ," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். ஊசியை மூட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வலது பக்கமாக ஏறி நின்றாள். முள் ஆடியது. ஆடி, அவளுடைய எடைக்கு வந்து, நூற்றெண்பது கிராம் கூடுதலாகக் காட்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் நூற்றெண்பது கிராமும் மேடையிலிருந்து அவள் காலுக்கு ஏறியது. முள் அப்போதும் நகரவில்லை. இறங்கினாள். முள் நேராகப் பூஜ்யத்தில் போய் நின்றது. தையல்காரர் அதைச் சிலேட்டில் எழுதி வைத்தார், அண்ணாச்சி வந்ததும் காட்ட.

இருபத்தேழு வருஷம் அவள் பாதத்தில் இருந்த குளிருக்கு இப்போது இடமில்லை. பழக்கதோஷத்தில் அது அவளோடு கூடவே ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்து வந்தது. சுடலைமுத்து அதை நிறுத்தினார்.

"இதுக்குச் சீட்டு வேணும் சிஸ்டர். சீட்டில்லாம உள்ளயும் விட மாட்டேன், வெளியயும் விட மாட்டேன்."

ஜெபக்கனி ஒரு தாளை எடுத்தாள். முத்திரை இல்லாத வெறுந்தாள். உச்சியில், நட்ட நடுவில், ஓர் உ போட்டுக் கீழே கோடு இழுத்தாள்.

"இது தரமா, சுழியா?" என்றார் சுடலைமுத்து.

"சுழிதான்."

"அப்ப ஊர எழுதுங்க."

அவள் கோட்டுக்குக் கீழே எழுதினாள். செங்காட்டுவிளை ஆஸ்பத்திரி வாசல். பெஞ்சில் ஓர் இடம் காலி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பூனையிடம் உள்ளது.

எட்டு நாற்பது பஸ் வந்தது. வழக்கமாகக் குளிருக்கு முழு டிக்கெட். இது இத்தனை வருஷம் ஒரே ஆளோடு இருந்த குளிர் என்பதால் கண்டக்டர் ஒன்றும் கேட்காமல், வெயில் படாத பக்கமாகப் பார்த்து, ஜன்னலோரம் ஓர் இடம் ஒழித்துக் கொடுத்தார்.